பெயர் ஒண்ணு, கடைசி எழுத்து மட்டும் வேற: படிப்புக்கும் எப்பவாவது கேமுக்கும் லேப்டாப் வாங்கின அனுபவம் சொல்லுங்க

கடைசிவரிசை:

வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னும் மனசை விட்டுப் போகல. அதான் எழுதறேன்.

நானும் என் ரூம்மேட்டும் ஒரே வாரத்துல லேப்டாப் வாங்கினோம். ரெண்டுலயும் ஒரே கிராபிக்ஸ் கார்டு, என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 3050, 4 ஜிபி. ரெண்டுலயும் 16 ஜிபி ரேம், ஒரே தலைமுறை பிராசஸர். என்னோடது மெல்லிசு, எடையும் கம்மி. அதனால நான் எடுத்ததுதான் நல்லதுன்னு உறுதியா நம்பிட்டு இருந்தேன்.

செமஸ்டர் முடிஞ்ச ராத்திரி ரெண்டையும் ஒரே கட்டில்ல பக்கத்துல பக்கத்துல வெச்சோம். ஒரே கார் ரேஸ், ஒரே செட்டிங், மழை பெய்யற அதே பாதை. அவன் திரை மூலையில எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருதுங்கற கணக்கு, 60-க்குக் கீழ இறங்கவே இல்ல. என்னோடதுல 43, 41, வளைவுல திரும்பும்போது 36. அவன் கார் டயருக்குப் பின்னாடி தண்ணி தெறிக்கறது நிஜமா தெறிக்கற மாதிரியே இருந்துது. என் திரையில அதே தண்ணி விட்டு விட்டு வந்துது. அவன் ஆட்டத்தை நிறுத்திட்டு, "டேய், உன்னோடதுல ஏதோ ஃபால்ட்டுடா, சர்வீஸ்ல குடு"ன்னான்.

குடுத்தேன். நாலு நாள் கழிச்சு எந்தக் குறையும் இல்லன்னு திருப்பிக் குடுத்தாங்க. அவங்க சொன்னது பொய்யும் இல்ல. லேப்டாப்ல வர்ற 3050-ஐ 35 வாட்லேர்ந்து 80 வாட் வரைக்கும் எவ்வளவுல வேணும்னாலும் ஓட்ட தயாரிப்பாளருக்கு இடம் உண்டு. பெட்டி மேல ஒட்டற பெயர் மட்டும் ஒண்ணுதான். இது எனக்குத் தெரிய வந்தது ரெண்டு மாசம் கழிச்சு. மாடல் விவரப் பக்கத்தோட அடியில பொடி எழுத்துல போட்டிருந்தாங்க, நான் அவ்வளவு தூரம் கீழ போய்ப் படிக்கவே இல்ல.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

மழைத்துளி:

எனக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே கிடையாது, ஆனா கிட்டத்தட்ட இதே கதைதான். இன்டெல் ஐ5-1235யூ பிராசஸர், அதுக்கு உள்ளேயே ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் இருக்கு, சின்னச் சின்ன கேமுக்குத் தாராளமா போதும்னு சொன்னாங்க. வாங்கி வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தா அங்க ஐரிஸ் இல்ல. 'யூஎச்டி கிராபிக்ஸ்'னு நிக்குது. என்னை ஏமாத்திட்டாங்கன்னே முடிவு பண்ணி, பில்லை எடுத்து வெச்சு, நீளமா ஒரு புகார் எழுதி, அனுப்பறதுக்கு முன்னாடி சீனியர் அக்காகிட்ட காட்டினேன். அவங்க படிச்சு முடிச்சிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ரேம் எத்தனை துண்டு?"

ஒரே 8 ஜிபி துண்டு, பக்கத்து ஸ்லாட் காலி. ரேம் இரட்டைச் சேனல்ல ஓடினாத்தான் அந்த கிராபிக்ஸ் ஐரிஸ்ங்கற பெயரையே காட்டுமாம். ஒரு துண்டு மட்டும் இருந்தா நினைவகத்துக்குப் போற வழி பாதியாயிடும், பெயரும் யூஎச்டின்னு வரும். அன்னிக்குச் சாயங்காலமே பின்பக்க மூடியைக் கழட்டினோம். பத்து ஸ்க்ரூ, அதுல ரெண்டு மத்ததை விட நீளம். எது எந்தக் குழிக்குன்னு மாறாம இருக்க அக்கா ஒரு பேப்பர்ல லேப்டாப் மாதிரி வரைஞ்சு, அந்தந்த இடத்துலயே ஸ்க்ரூவைக் குத்தி வெச்சாங்க. புது ரேமைச் சாய்வா நுழைச்சு அழுத்தினதும் ரெண்டு பக்கக் கொக்கியும் 'டிக்'னு புடிச்சுது. ஆன் பண்ணினா ஐரிஸ் எக்ஸ்இ! அதே பிராசஸர், அதே திரை. முன்னாடி திணறின கேம் அன்னிக்குத் திணறாம ஓடுச்சு.

அந்தப் புகாரை நான் அனுப்பல.

நடைபயணி:

கடைசிவரிசை தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க ராத்திரி ஒரு தடவை ஓட்டின ரேஸை வெச்சு உங்க லேப்டாப்பைக் குறைச்சு மதிப்பிடறீங்க. உங்க ரூம்மேட் அந்த 80 வாட்டைத் தினமும் முதுகுல சுமந்துட்டுப் போறாரே, அதையும் சேர்த்து எழுதணும் இல்லையா? மெல்லிசான உடம்புக்குள்ள அதிக வாட்டைக் குடுத்தா அந்தச் சூடு எங்க போகும்? வாட்டைக் குறைச்சதாலதான் உங்களோடது மெல்லிசா இருக்கு.

என் அனுபவம் சின்னது. ரெண்டு மாடல் ஒரே பெயர்ல வந்துது, ஒண்ணுல 45 வாட்-அவர் பேட்டரி, இன்னொண்ணுல 70. வாட்-அவர்ங்கறது பேட்டரியில எவ்வளவு மின்சாரம் அடங்கும்ங்கற அளவு. திரை, பிராசஸர் எல்லாம் ஒண்ணேதான்னு 45-ஐ எடுத்தேன். புராஜெக்ட் வைவா அன்னிக்கு எனக்கு முன்னாடி எட்டுப் பேர். இருந்த ஒரே பிளக்ல வேற ஒருத்தரோட சார்ஜர். என் முறை வந்தப்போ 11 சதவீதம். பேட்டரி சேவர் தானா ஆன் ஆகி, திரை மங்கி, சிமுலேஷன் நகரவே மாட்டேங்குது. எதிர்ல உட்கார்ந்திருந்த மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு மானிட்டர்கிட்ட குனிஞ்சு பார்த்தாங்க. அந்தக் காட்சி இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது.

அதனால மாணவர்களுக்கு நான் சொல்றது இதுதான். முதல்ல பேட்டரி எத்தனை வாட்-அவர்னு பாருங்க. 'இத்தனை மணி நேரம் நிக்கும்'னு போடறதை நம்பாதீங்க, அது பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைச்சு வீடியோ மட்டும் ஓட்டிப் பார்த்த கணக்கு. அப்புறம் சார்ஜரோட எடையைக் கேளுங்க. கேமிங் லேப்டாப்புக்கு 180, 230 வாட் சார்ஜர் வரும், செங்கல் மாதிரி இருக்கும், லேப்டாப் எடை போடும்போது அதைச் சேர்க்க மாட்டாங்க. டைப்-சி வழியா சார்ஜ் ஏறுமான்னு கட்டாயம் கேளுங்க. டைப்-சி ஓட்டை இருக்கறதாலேயே சார்ஜ் ஏறும்னு அர்த்தம் இல்ல. ஏறினா வகுப்புக்குச் சின்னச் சார்ஜரோட போயிட்டு வரலாம், பெரிசை அறையிலேயே விட்டுடலாம். இன்னொண்ணு, தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கற கேமிங் லேப்டாப் பேட்டரியில முழு வேகத்துல கேம் ஓட்டாது. தனி கிராபிக்ஸ் கார்டு கேக்கற மின்சாரத்தை பேட்டரியால குடுக்க முடியாது, அதனால தானே வேகத்தைக் குறைச்சுக்கும். ஆக, கேமுக்குன்னு நீங்க தர்ற பணம் பிளக் பக்கத்துல உட்காரும்போது மட்டும்தான் உதவும். வாரத்துல ரெண்டு மணி நேரம் ஆட, அஞ்சு நாள் தோள்ல சுமக்கணுமான்னு யோசிங்க. என்னைக் கேட்டா பெரும்பாலான மாணவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்ல.

பற்சக்கரம்:

நடைபயணி, கடைசி வரி மட்டும் எனக்கு ஒத்து வரல. பெரும்பாலானவங்கன்னா யாரு? வேர்டுல அசைன்மென்ட் எழுதறவங்களா? நான் மெக்கானிக்கல். நீங்க சொன்ன இதே அறிவுரையைக் கேட்டுத்தான் முதல் வருஷம் கிராபிக்ஸ் கார்டு இல்லாத மாடலை எடுத்தேன். அதே பெயர்ல கார்டோட இன்னொரு மாடலும் இருந்துது. ரெண்டாம் வருஷம் கியர்பாக்ஸ் அசெம்பிளி குடுத்தாங்க. நூறு பார்ட்டுக்கு மேல போனதும் மவுஸைத் திருப்பினா மாடல் ரெண்டு நொடி கழிச்சுத் திரும்பும். நான் ஒரு பக்கம் பார்க்க நினைப்பேன், அது வேற பக்கத்துல போய் நிக்கும். சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி, பற்கள் ஒண்ணோட ஒண்ணு சரியா பொருந்துதான்னு என்னால சுத்திப் பார்க்கவே முடியல. பார்க்காமலே சேவ் பண்ணிக் குடுத்தேன். ரெண்டு கியர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புதைஞ்சு இருந்துது. அதை புரொஜெக்டர்ல எல்லார் முன்னாடியும் காட்டினாங்க.

மெஷின் லேர்னிங் படிக்கறவங்க நிலைமையும் இதேதான். கிராபிக்ஸ் கார்டை வெச்சுக் கணக்குப் போட உதவற 'கூடா' (CUDA) மென்பொருள் என்விடியா கார்டுல மட்டும்தான் ஓடும், பாதி டுடோரியல் அதை வெச்சுத்தான் ஆரம்பிக்குது. எந்தப் படிப்புன்னு கேக்காம கார்டு வேண்டாம்னு சொல்றது தப்பு. அதே மாதிரி, கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொன்ன உடனே பெரிய கார்டைத் தலையில கட்டறதும் தப்பு. மொபைல் ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓட்டறவங்களுக்குக் கார்டை விட 16 ஜிபி ரேம்தான் முதல்ல வேணும்.

வாட் விஷயத்துல கடைசிவரிசை பக்கம்தான் நான். கனமா இருக்கறது தப்பில்ல, மெல்லிசா இருக்கறதும் தப்பில்ல. என்ன வாங்கறோம்னு வாங்கறவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான் அவர் கேக்கறார்.

பெரியக்கா:

நான் படித்து முடித்து வேலைக்கு வந்துவிட்டேன். என் தம்பிக்காக எழுதுகிறேன்.

அவன் கல்லூரியில் சேர்ந்தபோது லேப்டாப் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், என் சம்பளத்தில் எடுத்த முதல் பெரிய பொருள். கடைசியில் இரண்டு மாடல்கள் நின்றன. ஒன்றில் ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ பிராசஸர், மற்றதில் ரைசன் 5 7530யூ. பத்துதானே வித்தியாசம் என்று நினைத்தேன். விற்றவரும் "ரெண்டும் 7000 சீரிஸ்தான் மேடம்" என்றார். நான் 7520யூ எடுத்தேன், அந்த நிறம் அவனுக்குப் பிடித்திருந்தது.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று இப்போது தெரியும். ஏஎம்டி 2022-இல் கொண்டு வந்த பெயர் முறையில் முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது தரவரிசை, மூன்றாவதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு. 7520-இல் மூன்றாவது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2. நான்கு கோர், கிராபிக்ஸ் பெயருக்குத்தான். 7530-இல் மூன்றாவது 3, ஜென் 3, ஆறு கோர். நான் பத்து என்று நினைத்தது ஒரு தலைமுறை. ரேமும் 7520யூவில் போர்டோடு ஒட்டி வருவது, மழைத்துளி செய்ததுபோல் இன்னொரு துண்டு போட முடியாது. எங்களுடையது 8 ஜிபி.

தம்பி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன விடுமுறையில் அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் கேமுக்குக் கூப்பிட்டார்கள். பிரவுசரில் திறந்திருந்த டேப்களை ஒவ்வொன்றாக மூடினான். பாட்டை நிறுத்தினான். வாட்ஸ்அப்பை மூடினான். எழுதிக்கொண்டிருந்த புரோகிராமைச் சேவ் செய்து மூடினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, கேம் திறக்கும் வரை காத்திருந்தான். பழகிப்போனவன் செய்கிற வேலை அது, முகத்தில் சலிப்பே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

வண்ணக்கோலம்:

எல்லோரும் உள்ளே இருப்பதையே பேசுகிறீர்கள், திரையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் டிசைன் மாணவி. ஒரே மாடல், ஒரே பிராசஸர், ஒரே கார்டு, கோடில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு. ஒன்றில் திரை 45 சதவீதம் என்டிஎஸ்சி, மற்றதில் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி. இரண்டும் திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். முன்னதில் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) என்று பெரிதாகப் போட்டிருந்ததால் அதுதான் உயர்ந்தது என்று எடுத்தேன். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்றால் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் திரையில் வரும். மீதியை அந்தத் திரையால் காட்டவே முடியாது, எந்தச் செட்டிங்கை மாற்றினாலும்.

இறுதி ஆண்டு போஸ்டரில் குங்குமச் சிவப்பு ஒன்று வைத்தேன். என் திரையில் அது மங்கித் தெரிந்ததால் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், கண்ணுக்குச் சரியாக வரும்வரை கூட்டினேன். மதிப்பீட்டு அறையில் நல்ல மானிட்டரில் திறந்தார்கள். சிவப்பு அப்படியே கத்தியது. பக்கத்தில் இருந்த முகத்தின் கன்னங்கள்கூட வெந்துபோனதுபோல் இருந்தன. "இவ்வளவு சிவப்பு ஏன்?" என்று கேட்டார்கள். என் திரையில் அப்படி இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

பற்சக்கரம்:

வண்ணக்கோலம், இப்பவும் அந்த லேப்டாப்தான்னா, கலர் நல்லா காட்டற வெளி மானிட்டர் ஒண்ணை எச்டிஎம்ஐ-யில மாட்டிக்கோங்க. லேப்டாப் மாத்தறதை விடச் செலவு கம்மி. மானிட்டர் வாங்கும்போதும் எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம்னு கேட்டு வாங்குங்க.

அமைதிவிரும்பி:

எனக்கு சத்தம். நூலகத்துல ஒரு பிடிஎஃப் மட்டும்தான் திறந்திருந்தேன், பின்னாடி ஏதோ அப்டேட் ஓட ஆரம்பிச்சு ஃபேன் விமானம் கிளம்பற மாதிரி எழுந்துது. சுத்தி இருந்த எல்லாரும் ஒரே நேரத்துல திரும்பினாங்க. எச் பிராசஸர் மாடலுக்கும் யூ பிராசஸர் மாடலுக்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம்னு எடுத்தேன். எச்-சுக்கு அடிப்படையே 45 வாட், யூ-வுக்கு 15. வேகம் நிஜமாவே கூடத்தான், அதை மறுக்கல. ஆனா அந்த அமைதியில அத்தனை முகம் திரும்பினது மறக்கல. இப்பெல்லாம் உள்ள நுழையறதுக்கு முன்னாடி வாசல்லயே சைலண்ட் மோடுக்கு மாத்திட்டுத்தான் போறேன்.

கடைசிவரிசை:

எல்லாத்தையும் படிச்சேன். நடைபயணி அண்ணா, கோவமெல்லாம் இல்ல. நீங்க சொன்ன எடை விஷயம் உண்மைதான், ரூம்மேட் இப்பெல்லாம் வகுப்புக்கு லேப்டாப்பே எடுத்துட்டு வர்றதில்ல, நோட்ஸுக்கு என்னோடதைத்தான் பார்க்கறான்.

நேத்து ராத்திரி என்விடியா கன்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எவ்வளவுன்னு பார்த்தேன். வாங்கினவங்க யாரா இருந்தாலும் அங்க பார்க்கலாம். என்னோடது 45. அவனோடது 80. அந்த மழைப் பாதையில என் கார் பின்தங்கினதுக்கு அந்த ரெண்டு எண்தான் காரணம். வாட் விஷயம் தெரியற வரைக்கும் நான் டிரைவரை அழிச்சு அழிச்சு திரும்பப் போட்டுட்டு இருந்தேன்.

பெரியக்கா, உங்க தம்பி லேப்டாப்ல பயாஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற அடிப்படை செட்டிங் பக்கம்) திறந்து, கிராபிக்ஸுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்கியிருக்குன்னு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. 2 ஜிபி ஒதுக்கியிருந்தா விண்டோஸுக்கு 6-தான் மிஞ்சும். குறைக்க வழி இருந்தா 512 எம்பி ஆக்கிட்டு, எது நல்லா ஓடுதுன்னு ரெண்டு விதமாவும் ஓட்டிப் பார்க்கட்டும்.

என் சித்தப்பா பொண்ணு இந்த வருஷம் கல்லூரி சேர்றா. ரெண்டு மாடல் அனுப்பியிருக்கா, ரெண்டுலயும் ஆர்டிஎக்ஸ் 4050, 6 ஜிபி. அந்தக் கார்டும் 35-லேர்ந்து 115 வாட் வரைக்கும் வரும். ஒண்ணோட பக்கத்துல வாட் போட்டிருக்கு. இன்னொண்ணுல கடைசி வரி வரைக்கும் தேடிட்டேன், இல்ல. முழு மாடல் கோடைப் போட்டு, வாட் எவ்வளவு, ரேம் எத்தனை துண்டு, திரை எத்தனை சதவீதம்னு கேட்டு மெயில் அனுப்பியிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் எதையும் வாங்காதன்னு சொல்லி வெச்சிருக்கேன். காலையிலேர்ந்து மூணு தடவை போன் பண்ணிட்டா.