தெற்கு சூடான்: விமானம் ஏறாதவர்கள்

தெற்கு சூடானில் ஊட்டச்சத்துப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தேன். யூனிட்டி மாநிலத்தில் லேர், மாயென்டிட் பக்கம். 2017 பிப்ரவரியில் பஞ்சம் என்று அறிவித்தார்களே, அதே இரண்டு மாவட்டங்கள்தான். மழை பொய்த்து வந்த பஞ்சம் இல்லை அது. 2011-ல் சுதந்திரம் வாங்கிய நாட்டில் 2013 டிசம்பரில் அதிபர் சல்வா கீர் தரப்புக்கும் முன்னாள் துணை அதிபர் ரிக் மச்சார் தரப்புக்கும் சண்டை மூண்டது. 2015-ல் ஓர் ஒப்பந்தம், 2016 ஜூலையில் தலைநகர் ஜூபாவில் மறுபடி துப்பாக்கிச் சூடு, 2018-ல் இன்னோர் ஒப்பந்தம். விதைக்க வேண்டிய பருவத்தில் ஜனங்கள் உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தால் களஞ்சியத்தில் என்ன இருக்கும்? சண்டைக்காரர்கள் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சதுப்பு நிலத்துத் தீவுகளில் ஒளிந்து, அல்லிக்கிழங்கும் மீனும் தின்றே உயிர் பிழைத்தவர்களை அங்கே சந்தித்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்பதால் கரிசல் மண் புதிதில்லை. அங்கேயும் அதே மண்தான், ஆனால் மழை இறங்கிவிட்டால் லாரி ஓடாது, வழியெல்லாம் சேறு. அதனால்தான் எத்தியோப்பியாவிலிருந்து பெரிய சரக்கு விமானத்தில் சுமார் 30 டன் சோளத்தைக் கொண்டுவந்து வானத்திலிருந்தே போடுகிறார்கள். மூட்டை விழும்போது வெளிச்சாக்கு கிழிந்தாலும் உள்சாக்கு தாங்க வேண்டும் என்று சாக்குக்குள் சாக்காகப் போட்டுத் தைத்திருப்பார்கள். அப்படியும் சில மூட்டைகள் வெடித்துவிடும். மூட்டைகளை எல்லாம் அகற்றிய பிறகு பெண்கள் கூட்டமாக வந்து மண்ணோடு சேர்த்துச் சோளத்தைக் கூட்டி அள்ளுவார்கள். அதை முறத்தில் புடைக்கிற வேகத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பெண்கள் என்றே தோன்றும்.

குழந்தைகளின் மேல்கையைச் சுற்றி ஒரு நாடா போட்டு அளப்போம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைவு; 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. சிவப்பு என்றால் வேர்க்கடலை விழுது பாக்கெட் கொடுப்போம், ஒரு பாக்கெட்டில் 500 கலோரி. ஒரு நாள் ஒரு பாட்டி மூன்று பேரப்பிள்ளைகளோடு வந்தார். நடுப்பிள்ளைக்கு 11.2, மற்ற இருவருக்கும் மஞ்சள். கையிருப்பு சிவப்புக்கே போதாத நேரம் அது. பாட்டி பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, இதை மூன்றாகப் பங்கு போடாமல் நான் எப்படி ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டுவேன் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அந்த இரண்டும் சிவப்புக்கு இறங்கட்டும், அப்போது தருகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? என்னோடு நின்ற உள்ளூர் சுகாதார ஊழியர்தான் பாட்டியை நிழலில் உட்கார வைத்து, எந்தத் தீவிலிருந்து வருகிறார், வீட்டில் எத்தனை பேர் என்று நிதானமாக விசாரித்தார். அந்தக் குடும்பம் சோளம் வாங்குகிற பட்டியலிலேயே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பதிவு நடந்த அன்று அவர்கள் தண்ணீருக்குள் ஒளிந்திருந்தார்களாம். அன்று சாயங்காலத்துக்குள் பெயரைச் சேர்க்க வைத்துவிட்டார். நாடாவை நானும் பிடிப்பேன், ஆனால் அந்தக் கேள்வியை அவருக்குத்தான் கேட்கத் தெரிந்தது.

இப்போது மனதை அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சண்டை நெருங்குகிறது என்று ரேடியோவில் செய்தி வந்தால் எங்களைப் போன்ற வெளிநாட்டு ஊழியர்களை அழைத்துப்போக ஒரு சிறு விமானம் வந்துவிடும். உள்ளூர் ஊழியர்கள் அங்கேயே இருப்பார்கள். நாங்கள் ஏறிய அன்று, பாட்டியை விசாரித்த அந்தச் சுகாதார ஊழியர் விடைபெறக்கூட வரவில்லை, மலேரியா மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நோயாளிகளின் அட்டைகள் எல்லாவற்றையும் தோள்பைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு பை, ஜனங்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் பையோடு ஓட வேண்டும், அதுதான் ஏற்பாடு. 2014-ல் லேரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை சூறையாடப்பட்டபோதும் அங்கிருந்த உள்ளூர் ஊழியர்கள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டுதான் காட்டுக்குள் போனார்கள். உலகம் முழுக்கப் பணியில் கொல்லப்படும் உதவிப் பணியாளர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட உள்நாட்டுக்காரர்களே, ஆனால் பத்திரிகையில் படம் வருவது என்னவோ எங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

நாங்கள் திரும்பிப் போனபோது அட்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே இருந்தன, ஈரத்தில் மை கலைந்திருந்தாலும். சிலரை அவர் தீவிலேயே வைத்து அளந்து எழுதியிருந்தார். அந்தப் பாட்டியின் நடுப்பிள்ளை 11.9.

இந்த வேலைக்குப் போக நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நேர்காணலில் உங்கள் சம்பளம், விடுப்பு எல்லாம் கேளுங்கள், தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்கள்: சண்டை வந்தால் உள்ளூர் ஊழியர்களுக்கு முன்கூட்டியே சம்பளம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவீர்களா, அவர்கள் கையில் சாட்டிலைட் போன் இருக்குமா, அடிபட்டால் அவர்கள் வைத்தியத்துக்கும் குடும்பத்துக்கும் காப்பீடு உண்டா? இதற்கு நேராகப் பதில் சொல்லாத நிறுவனத்தில் சேராதீர்கள்.