புதுப்பிப்பு: ஹட்டன் டிஸ்பென்சரிக்கு எந்த மென்பொருள்?
இலங்கை மலையகத்து ஹட்டனில் உள்ள எங்கள் டிஸ்பென்சரியில், மழைக்கு இணையம் அறுந்தாலும் நோயாளர் பதிவு ஓடவேண்டும், என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இணையம் வழியே இயங்கும் மாதச் சந்தா கிளவுட் மென்பொருள் டெமோவிலேயே கழன்றுகொண்டது. இணைப்புப் போனதும் பழைய மருந்துச் சீட்டுகூடத் திறக்கவில்லை. கைகொடுத்தது, ஓப்பன்ஈஎம்ஆர் என்ற நோயாளர் பதிவு மென்பொருளை டிஸ்பென்சரிக் கணினியிலேயே நிறுவச் சொன்ன அண்ணனின் யோசனைதான். இலவசம். மின்சாரம் போனாலும் ஓட, ரௌட்டருக்கும் சேர்த்து யூபிஎஸ் போடுங்கள்.

எதிர்பாராதது, ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு. தேயிலைத் தோட்டத்தில் ஒரே பெயரில் பலர், அதனால் அடையாள அட்டை இலக்கத்தால் தேடுகிறோம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வரும் புதியதில் 12. ஒரே ஆள் இரண்டு இலக்கத்திலும் பதிவானால் இரண்டு கோப்பாகிவிடும். பழையதன் முன்னால் 19, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் 0 சேர்த்து, எழுத்தை விட்டால் புதியது வந்துவிடும். இப்போது பதியும்போதே மாற்றிவிடுகிறோம். அட்டையில்லாத பிள்ளைகளுக்குத் தாயின் இலக்கமும் பிறந்த திகதியும்.