குடலிறக்கம்: அவசர அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரியப்பா இறந்தார், இப்போது அப்பா மறுக்கிறார்

கேள்வி: காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு மகள்

எங்கள் பெரியப்பாவுக்கு வயது 74. வலது கவட்டில் குடலிறக்கம் இருந்தும், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெல்ட் கட்டிக்கொண்டே தோட்ட வேலை பார்த்து வந்தார். எழுந்தால் இறங்கும், படுத்தால் உள்ளே போய்விடும் என்பதால் அதை அவர் ஒரு நோயாகவே எண்ணவில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, இறங்கியது திரும்ப உள்ளே போகவில்லை. விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்துவிட்டு, விடிந்ததும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டோம். இரவெல்லாம் வாந்தி. திங்கள் மாலைதான் திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து, குடலில் ஒரு பகுதி கறுத்துவிட்டதாகச் சொல்லி அதை வெட்டி எடுத்து இணைத்தார்கள். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறல் வந்து இறந்துவிட்டார்.

அப்பாவுக்கு வயது 69. அவருக்கும் இடது பக்கம் அதே குடலிறக்கம் இருக்கிறது. வைகாசியில் அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டிருந்தவர், இப்போது “கத்தி வைத்ததால்தான் அண்ணன் போனார், நான் இப்படியே இருந்துகொள்கிறேன்” என்கிறார். அறுவை சிகிச்சையிலேயே அவ்வளவு ஆபத்து இருக்கிறதா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக அம்மாவுக்கு (வயது 63) வலது தொடை தொடங்கும் இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. நெறி கட்டியிருக்கிறது என்று அவரே மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பதில் 1: ஈரோடு, ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

அம்மணி, உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். நீங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நான் அம்மாவிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. காலில் புண்ணோ காய்ச்சலோ இல்லாமல் இரண்டு மாதமாகக் கரையாத கட்டியை நெறி என்று விட்டுவிடக் கூடாது. வயதான பெண்களுக்குக் கவட்டு மடிப்புக்குக் கீழே, தொடைப் பக்கம் இறங்கும் ஒரு வகைக் குடலிறக்கம் உண்டு. அதன் வாய் மிகக் குறுகலானது, மூன்று பக்கமும் விறைப்பான நார்த்திசு இருப்பதால் விரிந்து கொடுக்காது, அதனால் உள்ளே நுழைந்த குடல் எளிதில் நெரிபடும். சுவீடன் நாட்டில் குடலிறக்க அறுவை சிகிச்சைகளுக்கென்றே ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதன்படி, தொடைப் பக்கக் குடலிறக்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அவசரமாகவே அறுவைக்கு வருகிறது. வழக்கமான கவட்டுக் குடலிறக்கத்திலோ அது நூற்றுக்கு ஐந்து அளவில்தான். அம்மாவை இந்த வாரமே ஓர் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அவர் தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

இனி பெரியப்பாவின் மரணம். வெளியே சிக்கிக்கொண்ட குடலில் முதலில் அடைபடுவது, இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் மெல்லிய சிரைகள். இரத்தம் தேங்கத் தேங்கக் குடல் வீங்கும், வீங்க வீங்க வாய் இன்னும் இறுக்கும், முடிவில் இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியும் அடைபட்டுக் குடல் அழுகத் தொடங்கும். இவையெல்லாம் சில மணி நேரத்தில் நடந்துவிடும். அவசர அறுவையில் பிதுங்கிய குடலை விடுவித்தபின், வெந்நீர்த் துணியால் போர்த்திச் சில நிமிடம் காத்திருந்து, நிறம் திரும்புகிறதா, அசைகிறதா, நாடி துடிக்கிறதா என்று பார்ப்போம். திரும்பாவிட்டால் வெட்டியே ஆக வேண்டும். அப்போது நோயாளியின் உடல் ஓரிரவு வாந்தியால் வற்றியிருக்கும், கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கலாம், மயக்கம் கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயமும் உண்டு. எழுபது வயதைக் கடந்த இதயமும் நுரையீரலும் இத்தனையையும் ஒரே இரவில் தாங்க வேண்டியிருக்கிறது.

அதே சுவீடன் பதிவேட்டில் 1992 முதல் 2005 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்தார்கள். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்துகொண்டவர்களின் இறப்பு, அதே வயதுப் பொதுமக்களின் இறப்பைவிட அதிகமாக இல்லை. அவசரமாகச் செய்யப்பட்டபோது அது ஏழு மடங்கானது. குடலை வெட்ட நேர்ந்தவர்களிடம் இருபது மடங்கானது. அப்பாவிடம் இந்த மூன்றையும் அப்படியே சொல்லுங்கள். பெரியப்பா நெரிந்த குடலோடு ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தபிறகே மேசைக்கு வந்தார், நாள் குறித்துப் போகும் உங்கள் அப்பாவுக்கு அந்த நிலை இல்லை.

பதில் 2: சோமனூர், விசைத்தறி வைத்திருப்பவர்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாவு ஏற்றிக்கொண்டிருந்தபோது இறங்கியது சிக்கிக்கொண்டது. வாந்தி தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் என் மனைவி 108ஐ அழைத்துவிட்டார். குடலை வெட்டவில்லை, வலை வைத்துத் தைத்தார்கள், ஆறாம் நாள் வீடு வந்தேன். அடுத்த படுக்கையில் இருந்தவர் இரண்டாம் நாள்தான் வந்து சேர்ந்தார். அவருக்குக் குடலை வெட்டினார்கள், புண் சீழ் பிடித்தது, மருத்துவமனையிலேயே மூன்று வாரம் கிடந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மருத்துவர்தான் செய்தார் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

பதில் 3: கோபி, விவசாயி

மருத்துவர் ஐயாவிடம் பணிவாக ஒன்று கேட்க விரும்புகிறேன். எனக்கும் சிறிய குடலிறக்கம் உண்டு. வலி இல்லையென்றால் காத்திருக்கலாம் என்று கோவையில் ஒரு மருத்துவர் சொன்னார். அது தவறான அறிவுரையா?

பதில் 4: ஈரோடு, ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

தவறில்லை ஐயா, ஆனால் அதற்கு வரம்பு உண்டு. தொல்லை குறைவாக இருந்த 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. காத்திருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவாகவே திடீரெனச் சிக்கிக்கொண்டது. அதனால் பயந்து இன்றே ஓட வேண்டியதில்லை. ஆனால் அதே ஆட்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலியின் காரணமாக, அறுவை செய்துகொண்டிருந்தார்கள். இந்தக் கணக்கு ஆண்களுக்கு, அதுவும் எளிதாக உள்ளே போகும் குடலிறக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். பெண்களுக்கும் தொடைப் பக்கக் குடலிறக்கத்துக்கும் பொருந்தாது. நாளுக்கு நாள் பெரிதாகிறது, தள்ளினால்தான் உள்ளே போகிறது என்றால் காத்திருப்பதை நிறுத்திவிட வேண்டும்.

எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு, வலியோடு வாந்தியும் வந்து, காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால், ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உடனே புறப்படுங்கள். இரவு நேரத்திலும் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கும் இடமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனால் இரண்டாவது ஊருக்கு அலையும் நேரம் மிச்சமாகும். எண்ணெய் தடவி அழுத்தித் தள்ளவே கூடாது. அழுகிய குடல் அப்படியே வயிற்றுக்குள் போய்விட்டால் வெளியில் வீக்கம் மறைந்து, உள்ளே நோய் முற்றிவிடும். எண்ணெய் தடவியது பற்றி உங்களைக் குறைசொல்வதாக எண்ணாதீர்கள் அம்மணி. என் பணிக்காலத்தில் தாராபுரத்திலிருந்தும் அந்தியூரிலிருந்தும் வந்தவர்களில் அப்படிச் செய்யாத குடும்பங்கள் குறைவு.

பதில் 5: கேள்வி கேட்டவர்

நேற்று அம்மாவைக் காட்டினோம். ஐயா சொன்னதேதான், தொடைப் பக்கக் குடலிறக்கம். உள்ளே இருப்பது குடலல்ல, கொழுப்புத் திசு என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம் என்று வருகிற வியாழக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பதிவேட்டுக் கணக்கை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிறு மாலையே கூட்டிப்போயிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்குத் தேறியதும் தன்னுடையதைச் செய்துகொள்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள் கழித்து மாட்டுக்குப் பால் பீச்ச உட்காரலாம் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

பதில் 6: ஈரோடு, ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்

நடமாட்டம் மறுநாளே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். குந்தி உட்கார்ந்து பால் பீச்சுவதும் தீவனக் கூடை தூக்குவதும் தையல் ஆறி, குந்தும்போது வலி இல்லாமல் போனபிறகு, அறுவை செய்தவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும். அதுவரை அந்த வேலையை அப்பா பார்த்துக்கொள்ளலாம், ஆனால் முக்கித் தூக்குவதை மட்டும் அவரிடம் விடாதீர்கள்.