ராணி செத்த கிழமை உங்கள் வீட்டில் என்ன பேச்சு?

நானே தொடங்குகிறேன். மட்டக்களப்பு, கல்லடி. 2022 செப்டம்பர் 8, இரவு பதினொரு மணி இருக்கும். போனில் செய்தி வந்ததும் "எலிசபெத் ராணி மோசம் போயிட்டாவாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்த அம்மம்மா பாயில் கிடந்தபடியே கேட்டார்: "ஆரு, நம்மட ராணியா?"

அந்த 'நம்மட' எனக்குச் சுருக்கென்று இருந்தது. "அவ எப்ப அம்மம்மா நமக்கு ராணி?" "பொலன்னறுவை மட்டும் வந்த மனிசிதானே, மனே. பள்ளிக்கூடத்தில நமக்கும் இனிப்புத் தந்தாங்க."

அது 1954. சட்டப்படி பார்த்தால் அம்மம்மா சொன்னதுதான் சரி. 1948இல் சுதந்திரம் வந்தாலும், 1972 மே 22 குடியரசாகும் வரை இலங்கைக்கும் அவர்தான் அரசி. அதுசரி, விட்டு விலகி ஐம்பது வருடத்துக்குப் பிறகு 19ஆம் திகதி துக்க தினம், கொடி அரைக்கம்பத்தில். அரசுக்கும் அம்மம்மாவுக்கும் குழப்பமே இல்லை. எனக்குத்தான்.

*

படுவான்கரை. அந்தத் துக்க தினத் திங்கட்கிழமை காணி உறுதி விசயமாக ஒரு அலுவலகத்துக்கு விடியவே பஸ் ஏறி வந்தேன். கேற் பூட்டு. காவலாளி "லீவு, ராணி செத்த" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா "எந்த ராணி, தம்பி? நம்ம விதானையார்ர பெண்சாதியா?" என்று கேட்டார். பஸ் காசு போனதுதான் எனக்கு மிச்சம்.

*

கல்முனை. என் அப்பா அரச எழுதுவினைஞராக இருந்தவர். ராணியின் செய்தி வந்த இரவு அவர் பேசியதெல்லாம் கோடீஸ்வரன் வழக்கைப் பற்றித்தான். சிங்களத் தேர்ச்சி இல்லை என்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட ஒரு தமிழ் எழுதுவினைஞர் அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கு. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசு மீது வழக்குப் போடவே முடியாது என்றது கொழும்பு உயர் நீதிமன்றம். 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் (அப்போது நமக்கும் அதுதான் கடைசி மேன்முறையீட்டு மன்றம்) அதை மாற்றி, போடலாம் என்றது. சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் சரியா பிழையா என்ற பெரிய கேள்வியை இங்கேயே திருப்பி அனுப்பியது. அதற்கு விடை வருவதற்குள் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழியே மூடப்பட்டுவிட்டது.

அப்பா ராணி பக்தர் இல்லை. ஆனால் அவருக்கு 1972 என்றால் குடியரசு ஞாபகம் வராது. ஒரு இனத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் போடக்கூடாது என்ற பழைய சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு போனதுதான் ஞாபகம் வரும். "மகுடத்தக் கழட்டக்குள்ள நம்மட பிரிவையும் சேத்துக் கழட்டிட்டானுகள்" என்பார்.

*

மேலே எழுதிய அண்ணனுக்கு. நான் செங்கலடி, பூர்வீகம் பதுளைத் தோட்டம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழரோடு எங்கள் தாத்தாவும் நாடற்றவர் ஆனபோது 29ஆம் பிரிவு இருந்ததுதானே? மகுடமும் இருந்தது, இந்த ராணியின் தகப்பன் தலையில். லண்டன் வரை வழக்கும் போனது. 1953இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு. உங்கள் அப்பா மேல் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ராணிக்காக இனிப்புத் தின்றதில்லை, அவ்வளவுதான்.

*

களுவாஞ்சிக்குடி, இப்போது லண்டன். நான் 1966இல் பிறந்தவன், அதாவது ராணியின் பிரசையாக. ஆறு வயதில் யாரும் என்னைக் கேட்காமலே அது இல்லாமல் போனது. 2008இல் இங்கே பிரித்தானியக் குடியுரிமை எடுக்கும்போது நகரசபை மண்டபத்தில் நின்று, ராணிக்கும் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று என் வாயாலேயே சொன்னேன். நாக்கு ஒரு நொடி நின்றது.

அஞ்சலி வரிசையில் பதினொரு மணித்தியாலம் நின்றேன், கையில் நம்பர் போட்ட பட்டியோடு. ஊருக்குப் படம் அனுப்பினால் தம்பி கேட்கிறான்: "என்ன அண்ணே, அங்கயும் பெற்றோல் இல்லையா?" மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கியூஆர் கோட் காட்டி அடித்துக்கொண்டிருந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பெட்டியின் முன்னால் நின்றது சில விநாடிதான். அழுகை வரவில்லை. ஏன் போனேன் என்று மனிசி இன்னும் கேட்கிறா.

*

காத்தான்குடி. எங்கள் மூத்தம்மாவின் வெற்றிலை வட்டாவுக்குள் ஒரு இரண்டு சதக் குற்றி கிடக்கிறது. ஓரம் பூப்போல நெளிந்தது, 1957, ராணியின் தலை. செய்தி வந்த அடுத்த நாள் வாப்பா அதைப் புளி போட்டுத் துலக்கி என் மகளிடம் காட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எந்த நாட்டுக் காசு, அப்பா?" என்று வாப்பாவிடம் கேட்டாள். "நம்மட நாட்டுக் காசுதான்" என்றார் வாப்பா. "பொய்" என்றாள்.

பழைய காசு என்ன விலை போகும் என்று நெற்றில் தேடினேன். ஒரு இடியப்பப் பார்சலுக்கும் காணாது. திரும்ப வட்டாவுக்குள் போட்டுவிட்டோம்.