பழைய டின்னில் இருக்கும் காசுகள்: எதை இப்போதே விற்பது, எதை வைத்திருப்பது?

லயத்துப்பெட்டி (கொட்டகலை)

வணக்கம். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய காசு இருக்கிறது, விற்கலாம் என்று பேச்சு. எண்ணிப் பார்த்ததை எழுதுகிறேன்.

இந்திய வெள்ளி ஒரு ரூபாய் 14. விக்டோரியா ராணி, 7ஆம் எட்வர்ட், 5ஆம் ஜோர்ஜ் தலைகள். அதில் 5க்கு விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம், காசு மாலையில் கோத்திருந்தவை. சிலோன் 50 சதம் 9, 1893 தொடங்கி 1943 வரை. 1957 புத்த ஜயந்தி 5 ரூபா ஒன்று, அதே வருஷத்து 1 ரூபா மூன்று. தாளிப்பனை போட்ட செப்பு ஒரு சதம் இரண்டு கைப்பிடி. மாவட்டப் பெயர் போட்ட 2013 பத்து ரூபா 11. இதெல்லாம் போக, மேலே ஓட்டையுள்ள ஒரு தகரத் துண்டு. அதில் எழுத்தும் இலக்கமும் குத்தியிருக்கிறது. காசு இல்லை போல, வீசிவிடலாமா?

டவுனில் ஒரு நகைக்கடையில் டின்னோடு நிறுத்து ஒரே விலை சொல்கிறார்கள். புளி போட்டு விளக்கிக்கொண்டு போனால் விலை கூடுமா? இப்போதே விற்பதா, இன்னும் பத்து வருஷம் வைப்பதா?

சதக்காசு

தம்பி, முதலில் புளியைக் கீழே வையுங்கள். புளி, சாம்பல், பற்பசை, பிராசோ எதுவும் வேண்டாம். வெள்ளியின் மேல் படிந்த கறுப்பு சேகரிப்பவருக்குக் குறை இல்லை. விளக்கினால் கறுப்போடு சேர்ந்து மேல்தோலும் போய்விடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆயிரம் மெல்லிய கீறல் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் காசு வெறும் வெள்ளி விலைக்குத்தான் போகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டு, துடைக்காமல், பருத்தித் துணியின் மேல் வைத்து ஒற்றி எடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மொத்த விலைக்குத் தலையாட்டாதீர்கள். அந்த டின்னில் நாலு விதமான சரக்கு இருக்கிறது. ஒரே தராசில் போட்டால் லாபம் தராசுக்காரருக்குத்தான்.

0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், நகைக்காரர் பாவிப்பது. இந்திய ரூபாய் புதிதாக இருக்கும்போது 11.66 கிராம், 91.7 வீதம் வெள்ளி. கை பட்டுத் தேய்ந்தது 11.4 வரை இறங்கலாம். சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம். 1940 முதல் வந்த 6ஆம் ஜோர்ஜ் ரூபாய் அதே எடைதான், ஆனால் வெள்ளி பாதி. புலி போட்ட 1947 ரூபாய் முழு நிக்கல். அது காந்தத்தில் ஒட்டும், அதனால் போலி என்று பயப்பட வேண்டாம்.

சிலோன் 50 சதத்தை வருஷம் பார்த்துப் பிரியுங்கள். 1892 முதல் 1917 வரை 80 வீத வெள்ளி. 1919 முதல் 1929 வரையும், 1942உம் 55 வீதம். எடை எல்லாம் ஒன்றுதான், 5.83 கிராம். ஆகவே முதல் வகையில் 4.66 கிராம் வெள்ளி, இரண்டாவதில் 3.21. மொத்தமாக நிறுப்பவர் இரண்டையும் 55 என்றே கணக்குப் போடுவார். உங்கள் 1943 மஞ்சள் நிறமாக இருக்கும், அதில் வெள்ளியே இல்லை.

1957 ஐந்து ரூபா 28.28 கிராம், 92.5 வீதம். அதன் ஜோடி 1 ரூபா பார்க்க வெள்ளி மாதிரி மின்னும், ஆனால் செம்பும் நிக்கலும் கலந்தது. இந்த ஒரு ரூபாவை வெள்ளி என்று இணையத்தில் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம்.

போலி பார்க்க ஒரு சுலபமான வழி. தராசின் மேல் பாதித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். நல்ல வெள்ளி ரூபாய்க்கு தராசு 1.13 அளவில் நிற்கும், அடர்த்தி 10.3. ஐந்து ரூபாவுக்கு 2.73. வெள்ளி முலாம் பூசிய செம்பு-நிக்கல் என்றால் ரூபாய்க்கு 1.30 காட்டும். பத்துச் சதத்துக்கு இந்தச் சோதனை சரிவராது. அது 1.17 கிராம்தான், நல்லதற்கும் போலிக்கும் வித்தியாசம் தராசின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

கண்டிவெள்ளி

பத்து வருஷம் வைப்பதா என்ற கேள்விக்கு. காசு பழசாவதால் மட்டும் விலை ஏறாது. தாளிப்பனை ஒரு சதம் நூறு வருஷம் தாண்டியதும் உண்டு, ஆனால் இலட்சக்கணக்கில் அடித்தது, இன்னும் டின் டின்னாகக் கிடைக்கிறது. அதைப் பத்து வருஷம் வைத்தாலும் பாசிதான் கூடும். அச்சுக் கூர்மையாக, மரத்தின் ஓலை தனித்தனியாகத் தெரியும் ஏழெட்டை எடுத்துவிட்டு மீதியை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

வெள்ளியின் கதை வேறு. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 50 டொலரைத் தொட்டுப் பார்த்தது. அந்த உயரத்தை மறுபடி எட்டிப்பார்க்க 2011 ஏப்ரல் வரை 31 வருஷம் ஆனது. 2015 கடைசியில் 14 டொலர் அளவுக்கு விழுந்தது. உச்சத்தில் வாங்கியவர் பாதி ஆயுளைக் காத்திருந்தே கழித்திருப்பார். நமக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் ரூபா விழுகிறது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, மே மாதம் 360 அளவில். வெள்ளி அசையாமல் நின்றிருந்தாலும் ரூபாக் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல். "காசு விலை ஏறிவிட்டது" என்று பலர் சொன்னது அதைத்தான்.

ஆகவே வெள்ளிக் காசு பணவீக்கத்துக்கு ஒரு குடை. அவசரத் தேவை இல்லையென்றால் வைக்கலாம். விற்கும் நாளில் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள்: சுத்த வெள்ளி கிராமை 31.1ஆல் (ஓர் அவுன்ஸுக்கு உள்ள கிராம்) வகுத்து, அன்றைய அவுன்ஸ் டொலர் விலையாலும் டொலரின் ரூபா விலையாலும் பெருக்குங்கள். கணக்குக்காக அவுன்ஸ் 30 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் இந்திய ரூபாய் ஒன்றில் சுமார் 3,090 ரூபா வெள்ளி, 1957 ஐந்து ரூபாவில் சுமார் 7,570. நகைக்கடை இதில் கழிவு போடும், அது அவர்கள் தொழில். கழிவு எவ்வளவு என்று மூன்று கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொழும்பு செட்டியார் தெருவுக்குப் போக வேறு வேலை இருந்தால் அங்கேயும் கேட்கலாம். இதற்கென்றே பஸ் ஏறினால் கட்டாது.

வளையத் தடம் உள்ள 5ஐயும் தனியாக வைத்து, வெள்ளி விலைக்கு முதலில் தள்ளிவிடுங்கள். பற்றவைத்த இடத்தில் ஈயம் கலந்திருக்கலாம், எடையும் கொஞ்சம் ஏமாற்றும். அதைச் சுரண்டி எடுத்தால் சேகரிப்பவர் வாங்குவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லென்ஸில் பார்த்ததும் தெரிந்துவிடும்.

மாவட்டப் பத்து ரூபாவில் 25 மாவட்டமும் சேர்ந்தால்தான் அது தொகுதி. 11ஐ விற்பதைவிட இரட்டையாக உள்ளதை மாற்றிக்கொண்டு மீதி மாவட்டங்களைத் தேடுவது நல்லது. மத்திய வங்கி அழகான உறையில் விற்கும் நினைவு நாணயங்களைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. வெளியிட்ட விலைக்கே மறுபடி விற்க முடிந்தால் அதிர்ஷ்டம். ஆசைக்கு வாங்குங்கள், முதலீடு என்று வேண்டாம்.

இன்னொன்று. கொட்டகலை ஈரத்தில் பத்து வருஷம் வைப்பது சும்மா இல்லை. மென்மையான பிளாஸ்டிக் ஆல்பம், அந்தப் புது ரெயின்கோட் வாசம் அடிக்கிறதே, அது பீவீசி. இரண்டு மழைக்காலத்தில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் வளையம் போட்டால் அதன் கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு விழுத்தும். மைலார் (பீவீசி இல்லாத தெளிவான பிளாஸ்டிக் தாள்) சன்னல் வைத்த அட்டையில் போட்டு, ஸ்டேப்பிள் முனையைக் குறட்டால் தட்டையாக்கி, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அடுப்படிப் பரணில் வேண்டாம்.

மண்டபம்கேம்ப்

எல்லோரும் வெள்ளியிலேயே நிற்கிறீர்கள். அந்தத் தகரத் துண்டை வீசிவிடாதீர்கள்!

1902 வாக்கில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவர ஒரு முறை வைத்தார்கள். தோட்டத்தின் குறியீடும் ஆளின் தொடர் இலக்கமும் குத்திய தகர வில்லை ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கும். வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் எழுதப்படும். தகர டிக்கட் என்று சொல்வது இதைத்தான். தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை முகாம், பிறகு மண்டபம் முகாம் என்று அந்த வழியாக வந்தவர்களின் அடையாளம். ஓட்டை, குத்திய எழுத்து, இலக்கம் என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

காசு இல்லை என்பது சரி. ஆனால் தகரம் துருப்பிடித்து உதிர்வதாலும், யாரும் பத்திரப்படுத்தாததாலும் மிஞ்சியது குறைவு. அதனால் நாணயக்காரரைவிட வரலாறு தேடுபவர்களே இதைத் தேடுவார்கள். ஓட்டையில் நூலோ கம்பியோ மிச்சம் இருந்தால் அவிழ்க்க வேண்டாம். துருவைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். வெள்ளைக் கடதாசியில் வைத்து, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் எழும்பி வரும். விற்பதற்கு முன்னால் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். என்னைக் கேட்டால் அதை விற்கவே வேண்டாம், ஆனால் அது உங்கள் வீட்டு முடிவு.

தோட்டப் பெயர் அல்லது கோப்பி ஆலைப் பெயர் வார்த்த செப்பு, பித்தளை வில்லைகள் வேறு சாதி. சில்லறைக்குத் தட்டுப்பாடு இருந்த கோப்பிக் காலத்தில் கூலிக்குக் கொடுத்த டோக்கன். வேகந்தை ஆலையின் 1843 டோக்கன் நல்ல உதாரணம். யார் டின்னிலாவது அப்படி ஒன்று இருந்தால் பித்தளை விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், தேடும் ஆட்கள் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணிக்கக் குழியிலோ ஆற்றிலோ கிடைத்த ஒல்லாந்தர் காசு, பொலன்னறுவைக் காலத்துச் செப்புக்காசு போன்றவற்றை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்ப நினைக்காதீர்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியவை சட்டப்படி தொல்பொருள். தொல்பொருள் திணைக்கள அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேற்றக் கூடாது.

லயத்துப்பெட்டி (கொட்டகலை)

எல்லோருக்கும் நன்றி. தகரத் துண்டைத் தனியாகக் கடதாசியில் சுற்றி வைத்தாயிற்று. தராசு வாங்கித் தண்ணீர்ச் சோதனையும் பார்த்தோம். 13 ரூபாய் 1.10க்கும் 1.13க்கும் நடுவில். 1911 வருஷத்து ஒன்று மட்டும் எடை 11.62, தண்ணீரில் 1.30. அது நல்ல கூர்மையாக, அழகாக இருக்கிறது! பேஸ்புக்கில் ஒருவர் 1911க்கு இலட்சக்கணக்கில் தருவதாகவும், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பச் சொல்லியும் எழுதியிருக்கிறார்.

சதக்காசு

அனுப்பாதீர்கள். வாங்குபவர் விற்பவரிடம் கட்டணம் கேட்கும் வியாபாரம் உலகத்தில் இல்லை. பதிவு, பிறகு வரி, பிறகு கூரியர் என்று வரிசையாகக் கேட்பார்கள், காசைப் பார்க்கவே வரமாட்டார்கள். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பனிக் காசு, அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லும் காசு எல்லாம் இதே கூட்டத்தின் சரக்கு. அப்படி ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசைக் கம்பனி அடித்ததே இல்லை.

உங்கள் 1911ஐப் போலி என்று முடிவு கட்டுமுன் இன்னொரு தரம் பாருங்கள். எழுத்துகளுக்கு நடுவில் காற்றுக் குமிழ் ஒட்டினால் தராசு கூடக் காட்டும். கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, காசை உள்ளே வைத்து இரண்டு தரம் சுழற்றிக் குமிழ் போனதும் படியுங்கள். அப்போதும் 1.30 என்றால் அடர்த்தி 8.9, வெள்ளி இல்லை.

போலிக்காரர்கள் 1911ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த வருஷத்து ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஆட்சேபம் கிளம்பி, 1912இல் படத்தை மாற்றினார்கள். பன்றி ரூபாய் என்ற பெயரே விலையைத் தூக்கியது. உங்களுடையதில் விளிம்பின் கோடுகளை லென்ஸால் பாருங்கள். வார்த்த போலியில் கோடு சமமாக இருக்காது, மேற்பரப்பில் ஊசி குத்தியது மாதிரிச் சின்னக் குழிகள் இருக்கும்.

நல்ல ரூபாய்களை விற்கப் படம் போடும்போது இரண்டு பக்கம், விளிம்பு, தராசில் எடை என்று நாலு படம், பிளாஷ் இல்லாமல். தேய்மானத்தை நீங்களே எழுதிவிடுங்கள், பேரம் பாதியாகக் குறையும். விலை தேடும்போது ஆட்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். வியாபாரி வாங்கினால் அதில் பாதி முதல் முக்கால் பங்குக்குள் தருவார், அதைக் கொள்ளை என்று சொல்ல முடியாது. நேரில் கொடுப்பதென்றால் வங்கிக் கிளைக்குள் வரச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் வரும் பணம் போட்ட சிட்டைப் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கில் மீதி ஏறியதைப் பார்த்துவிட்டுக் காசைக் கையில் கொடுங்கள். அந்த 1911ஐ வேறு உறையில் போட்டு "போலி" என்று எழுதி வையுங்கள், இல்லையென்றால் வீட்டில் யாராவது மறுபடி மற்றதோடு கலந்துவிடுவார்கள்.