போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. நாளை மேகமலை ஏறலாமா?

உலா_மதுரை – இரவு 8.50
அனைவருக்கும் வணக்கம். மூணாறிலிருந்து தேவிகுளம், பூப்பாறை வழியாக இன்று மாலை பைக்கில் போடிமெட்டு இறங்கி வந்தபோது, பாதி மலையில் பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். அதன்பின் முன்புபோலவே பிடித்தது. மெதுவாக இறங்கி வந்து இப்போது போடியில் தங்கியிருக்கிறோம். நாளை மேகமலை, அதன்பின் இராமேஸ்வரம், தனுஷ்கோடி, அங்கிருந்து கீழக்கரை, சாயல்குடி வழியே கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி, திருச்செந்தூர் என்பது திட்டம். இப்போது பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. இப்படியே தொடரலாமா? காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தேனிக்காரன் – இரவு 8.58
முதலில் நல்லபடியாக இறங்கி வந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் எந்த வண்டி, எத்தனை ஆண்டுப் பழையது, பிடிக்காமல் போனது முன் பிரேக்கா பின் பிரேக்கா, டிஸ்க்கா டிரம்மா என்று எதுவுமே சொல்லவில்லையே. “இறங்கி வந்தோம்” என்று எழுதியிருப்பதால் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்று எடுத்துக்கொள்கிறேன். பைகளும் கட்டியிருந்தீர்களா?

வைகை_வடகரை – இரவு 9.03
சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைத்தான் சந்தேகப்பட வேண்டும். விலை குறைவு என்று கடையில் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் போட்டால் ஊருக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் தெரியாது. மலை இறக்கத்தில் சூடேறியதும் பிடிப்பு முழுவதும் போய்விடும். வண்டியோடு வந்த பேடா, பின்னால் மாற்றியதா என்று பாருங்கள். மாற்றியது என்றால் வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

சிம்மக்கல்_சீனியர் – இரவு 9.10
தம்பி, விடுமுறைக் காலம் வந்தால் இதே கேள்வி வரிசையாக வந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் நான் அதே பதிலைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலைச்சாலையின் பால பாடம். அதைக் கற்றுக்கொள்ளாமல் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மூணாறுக்குப் புறப்படுவது சரியல்ல. சமவெளியில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் அந்த அனுபவம் கொண்டை ஊசி வளைவில் உதவாது. வண்டியின்மேல் குறை சொல்வதற்கு முன் ஓட்டிய விதத்தைச் சொல்லுங்கள்.

போடி_மலையடி – இரவு 9.14
இன்று பிற்பகல் மேலே நல்ல சாரல் இருந்தது. டிஸ்க்கில் ஈரம் படிந்தால் முதல் சில முறை பிடிக்காது. அதுவாகவும் இருக்கலாம்.

உலா_மதுரை – இரவு 9.20
150 சிசி வண்டி, முன்னும் பின்னும் டிஸ்க், நான்காவது ஆண்டு நடக்கிறது. பிடிக்காமல் போனது பின் பிரேக். முன் பிரேக்கை வைத்துத்தான் நிறுத்தினேன். மனைவியும் வந்திருக்கிறார், இரண்டு பக்கமும் பைகள் உண்டு. சாரல் பூப்பாறையோடு நின்றுவிட்டது, இறக்கத்தில் சாலை காய்ந்திருந்தது. சீனியர் ஐயா, நான் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் இறங்கினேன். கிளம்புவதற்கு முன் மதுரையில் சர்வீஸ் விட்டுத்தான் எடுத்து வந்தேன்.

பழங்காநத்தம்_பட்டறை – இரவு 9.31
ஒரே ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லுங்கள், மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம். பிரேக் போன நேரத்தில் மிதி எப்படி இருந்தது? வழக்கம்போல் கடினமாகவே நின்று, எவ்வளவு அழுத்தியும் வண்டி மட்டும் நிற்கவில்லையா? அல்லது எதிர்ப்பே இல்லாமல் அடிவரை இறங்கிவிட்டதா? முதலாவது என்றால் வைகை_வடகரை சொல்வதுபோல் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. இரண்டாவது என்றால் பேடுக்குச் சம்பந்தமில்லை. பேடை டிஸ்க்கின்மேல் தள்ளும் காலிபருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பேடைத் தள்ளாது. சூடு தணிந்ததும் ஆவி மறுபடியும் திரவமாகிவிடும், அதனால்தான் அரை மணி நேரத்தில் பிரேக் திரும்பி வரும்.

ஆர்எக்ஸ்_நூறு – இரவு 9.36
இறக்கத்தில் எதற்குக் கியர்? நியூட்ரலில் விட்டு, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து வந்தால் இன்ஜினுக்கும் ஓய்வு, பெட்ரோலும் மிச்சம். போடிமெட்டிலும் கொடைக்கானல் மலையிலும் நான் காலமெல்லாம் இப்படித்தான் இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் பிரேக் போனதில்லை.

சிம்மக்கல்_சீனியர் – இரவு 9.40
இதைப் படித்து இளைஞர்கள் நம்பிவிடப் போகிறார்கள் என்பதால் கடுமையாகவே சொல்கிறேன். தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். நியூட்ரலில் இறங்கும் வண்டியைத் தடுக்கப் பிரேக்கைத் தவிர வேறெதுவும் இல்லை. வளைவில் எதிரே ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் வந்தால் கியர் போட்டு விலகக்கூட நேரம் இருக்காது.

மாட்டுத்தாவணி_பொறியாளர் – இரவு 9.52
பெட்ரோல் மிச்சம் என்பதும் இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. பியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், இன்ஜின் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் தேவைப்படுகிறது. ஆகவே கியரில் இறங்குவதுதான் சிக்கனம்.
இன்னொரு கணக்கையும் பாருங்கள். வண்டி, இரண்டு பேர், பைகள் எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். போடிமெட்டிலிருந்து போடிக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 30 லட்சம் ஜூல். ஒன்பது லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் இன்ஜினும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளவில்லை என்றால், மீதி முழுவதும் அந்த இரண்டு சிறிய டிஸ்க்குகளின் தலையில்தான் விடியும்.

ஆர்எக்ஸ்_நூறு – இரவு 9.58
கணக்கு சரிதான், ஆனால் நாங்கள் பழகிய வண்டி வேறு. டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு நெடுந்தூரம் கியரில் இறங்கினால் சுற்றும் வேகத்துக்கு ஏற்ற எண்ணெய் கிடைக்காமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பழக்கமே வந்தது.

மாட்டுத்தாவணி_பொறியாளர் – இரவு 10.02
உங்கள் வண்டிக்கு அந்த அச்சம் நியாயமானது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய் தனியாகச் சுழல்வதால் அந்தக் கவலை இல்லை. இழையைத் தொடங்கியவரின் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் உங்கள் முறையை அவருக்குச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

தேனிக்காரன் – இரவு 10.05
விவாதம் நல்லதுதான். ஆனால் பட்டறை அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. உலா_மதுரை, மிதி கீழே போனதா, இல்லையா?

உலா_மதுரை – இரவு 10.11
சாப்பிடச் சென்றிருந்தோம், மன்னிக்கவும். மிதி அடிவரை இறங்கிவிட்டது, கால் வைத்ததே தெரியவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: நிறுத்துவதற்குச் சற்று முன்பு, இறக்கமாக இருந்தும் வண்டி தானாக உருளாமல் இழுத்துப் பிடித்ததுபோல் வந்தது. டிஸ்க்கின் விளிம்பு இப்போது நீலமாகத் தெரிகிறது. சர்வீஸில் மிதி தாழ்வாக இருக்கிறது என்று சொல்லி ஏற்றி வைத்துத் தரச் சொன்னேன், அதன்பின் இலேசாகத் தொட்டாலே பிடித்தது.

பழங்காநத்தம்_பட்டறை – இரவு 10.27
இந்த விவரம் முதலிலேயே கிடைத்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். பரவாயில்லை, கவனமாகப் படியுங்கள்.
மிதிக்கும், மிதியின் விசையை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டுக்கும் இடையே சிறிதளவு ஓய்வு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். கால் எடுத்ததும் உள்ளிருக்கும் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்தால்தான், மேலே உள்ள ஆயில் டப்பாவுக்குப் போகும் நுண்ணிய துளை திறக்கும். மிதியை ஏற்றி வைக்கிறேன் என்று அந்தத் தண்டை அளவுக்கு மீறித் திருகிவிட்டால் பிஸ்டன் முழுவதும் திரும்பாது, துளையும் திறக்காது. சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் உள்ளேயே தேங்கும். நீங்கள் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு, சூட்டால் மேலும் அழுத்தம், அழுத்தத்தால் மேலும் உரசல். வண்டி இழுத்துப் பிடித்ததும் டிஸ்க் நீலம் பூத்ததும் இதனால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் ஆயில் கொதித்தது.
பழைய ஆயில் சீக்கிரம் கொதிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக்குறி. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205 என்பது 140 ஆகிவிடும். நான்கு ஆண்டுகளாக மாற்றாத ஆயில் என்றால் இன்று நடந்ததில் வியப்பில்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது முறை.
காலையில் செய்ய வேண்டியது இதுதான். வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். பிறகு பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள், மிதியை நன்றாக அழுத்திவிட்டு, கையை எடுத்து, மறுபடியும் சுற்றுங்கள். முன்புபோல் தாராளமாகச் சுற்றவில்லை என்றால் அழுத்தம் விடுபடவில்லை என்று பொருள். இந்த நிலையில் மேகமலை வேண்டவே வேண்டாம். சின்னமனூரிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதில் இறங்கும்போது இதேதான் நடக்கும்.

உலா_மதுரை – இரவு 10.34
அப்படியென்றால் மேகமலையை விட்டுவிட்டு நேராக இராமேஸ்வரம் போய்விடுகிறேன். சமவெளிதானே, அங்கே பிரேக் சூடாகாது. திரும்பி வந்து மதுரையில் பார்த்துக்கொள்ளலாமா?

கீழக்கரை_காற்று – இரவு 10.46
வேண்டாம் சகோதரரே. எங்கள் ஊர்ச் சாலையில் அந்தப் பிரேக்கை நம்பலாம் என்று தோன்றுவதே ஆபத்து. இராமநாதபுரம் தாண்டி மண்டபம்வரை சாலை நேராகக் கிடக்கிறது. நீங்கள் பிரேக்கைத் தொடவே மாட்டீர்கள், அது சரியாகிவிட்டதுபோலவே தெரியும். பிறகு பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும்; வேடிக்கை பார்க்க நிறுத்திய வண்டிகள் இரு ஓரமும் நிற்க, நடுவில் மனிதர்கள் கடப்பார்கள். தனுஷ்கோடியில் அரிச்சல்முனைவரை போகும் சாலையில் மணல் படிந்து கிடக்கும், அங்கே முன் பிரேக்கைத் தனியாக அழுத்தினால் சக்கரம் வழுக்கி விழுவீர்கள். பின் பிரேக் மிகவும் தேவைப்படும் இடம் அதுதான்.
இன்னொரு வேண்டுகோள். அரிச்சல்முனையிலிருந்து திரும்பிய அன்றே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு ஏறினால் காலிபர் நகர உதவும் சிறு தண்டுகளான பின்கள் இறுகி, ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். கடலோரத்தில் வண்டி வைத்திருக்கும் எங்களுக்கு இது ஓயாத வேலை.

வைகை_வடகரை – இரவு 10.50
பின்கள் இறுகியிருந்தாலும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். பட்டறை அண்ணன் சொன்ன காரணத்தோடு இதையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே பேடையும் மாற்றிவிடுங்கள், அந்தச் சூட்டுக்குப் பிறகு அதன் மேற்பரப்பு கண்ணாடியாகப் பளபளத்துப் பிடிப்பை இழந்திருக்கும்.

சிம்மக்கல்_சீனியர் – இரவு 10.58
பேட், பின், ஆயில் எல்லாம் மாற்றிக்கொள்ளட்டும். ஆனாலும் இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பகிர்ந்து, விட்டுவிட்டு அழுத்தும் பழக்கம் வராதவரை புதிய ஆயிலும் கொதிக்கத்தான் செய்யும். தம்பி கியரில்தான் இறங்கினேன் என்கிறார், ஏற்றுக்கொள்கிறேன். மூன்றாவது கியர் அந்த இறக்கத்துக்கு அதிகம், அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பழங்காநத்தம்_பட்டறை – இரவு 11.04
ஐயா, அவர் காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. எந்தக் கியரில் இறங்கியிருந்தாலும் முடிவு இதுதான். வண்டியின் குறையை ஓட்டியவர்மேல் ஏற்றினால் அடுத்து படிப்பவர் மிதி இடைவெளியைப் பார்க்கவே மாட்டார்.

போடி_மலையடி – இரவு 11.09
போடியில் கடைகள் திறக்க ஒன்பது மணியாகும். ஆறு மணிக்குக் கிளம்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தேனி வரை நிதானமாகச் சமவெளியில் போனால் இன்னும் வசதியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆயில் மூடியின்மேல் எந்த டாட் என்று அச்சிட்டிருக்கும், அதையே, முத்திரை உடைக்காத புதுப் புட்டியாகக் கேட்டு வாங்குங்கள். டாட் 5 என்று கொடுத்தால் வாங்க வேண்டாம்; அது சிலிகான் வகை, மற்றதோடு சேராது.

உலா_மதுரை – மறுநாள் பகல் 12.40
தேனியில் பார்த்துவிட்டோம். காலையில் சக்கரம் சுற்றவே சிரமமாக இருந்தது. தண்டைத் தளர்த்தியதும் விடுபட்டது. பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. புதிது ஊற்றி, பிரேக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினார்கள், பேடும் மாற்றியாயிற்று. மேகமலை இல்லை. இப்போது உசிலம்பட்டி தாண்டிவிட்டோம், இரவு இராமநாதபுரம். அனைவருக்கும் நன்றி.

மாட்டுத்தாவணி_பொறியாளர் – பகல் 1.05
மிக்க மகிழ்ச்சி. நீலம் பூத்த டிஸ்க் வளைந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார்களா? அதற்குக் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதையும் அளந்தார்களா? புதிய பேட் படிந்து வரும்வரை முதல் நூறு கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

தேனிக்காரன் – இரவு 9.20
டிஸ்க் அளவு பற்றி ஒரு வார்த்தை எழுதுங்கள் உலா_மதுரை. பாம்பனுக்கு முன்பே தெரிந்தால் நல்லது.