200 மீட்டரா, 500 மீட்டரா?

தொண்டிக்காரன்: "மாநில அரசின் காலநிலை இயக்கம் வந்த பிறகுதான் நம் கரையில் இறால் பண்ணைகள் கடலை விட்டுத் தள்ளிப் போயின" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அலை ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்பது 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். காலநிலை இயக்கம் தொடங்கியது 2022 டிசம்பரில். பிள்ளை பிறந்து பதினேழு வருஷம் கழித்து வந்து பெயர் வைக்கிறார்.

காரங்காட்டான்: எழுதியது நான்தான். அப்புறம், அது 200 இல்லை, 500. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தொண்டிக்காரன்: அந்தத் தீர்ப்பைத் தாண்டத்தானே 2005 சட்டமே வந்தது? பிரிவு 13(8). 200.

காரங்காட்டான்: சட்டம் போட்டு மீட்டரைக் குறைத்தால் கடல் தள்ளி நிற்குமா அண்ணே? 500.

உப்புக்காத்து: மீட்டரை விடுங்கப்பா. பண்ணைத் தண்ணீர் இறங்கி, எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் உலை வைத்தால் கஞ்சியே கரிக்குது. அதை எந்த டேப்பில் அளப்பீர்கள்?

தொண்டிக்காரன்: தம்பி, வீட்டுக்கு வீடு போர் போட்டு உறிஞ்சியது யார், நானா? என் கதையைக் கேளுங்கள். ஓடைக்கரை முழுக்க அலையாத்தி நாற்று நடுகிறார்கள். நல்ல காரியம், நானும் போய் நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் கடலோர ஒழுங்குமுறை விதிப்படி, அலையாத்தி 1000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்பு எல்லை. நாற்று வளர வளர அந்த 50 என் வரப்புக்கு நடந்து வரும். பண்ணைப் பதிவோ 5 வருஷத்துக்குத்தான். இந்தமுறை புதுப்பிக்க மூன்று தடவை அலைந்தேன், தடவைக்கு ஒரு புதுக் காகிதம். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் வன்னாமி இறால் மூச்சுக்குத் திணறி ஓரத்தில் வந்து ஒதுங்கும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறவனுக்குத்தான் அது தெரியும். மாவட்டக் காலநிலை இயக்கத்துக்குக் கலெக்டர் தலைமை, வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். மரம் நடுகிறவரே அளக்கவும் வந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

காரங்காட்டான்: பட்டா நிலத்தில் அலையாத்தி இருந்தால் காப்பு வேண்டாம் என்று 2019 அறிவிக்கையிலேயே இருக்கிறது. ஓடைக்கரை உங்கள் பட்டாவா? அதுவும் எப்போதிருந்து?

தொண்டிக்காரன்: பட்டாவைப் பற்றிப் பேசுகிற ஆளைப் பாரு! போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் 45 நாள்தான் என்று அடித்துப் பேசியவர்தானே நீங்கள்? 61 நாள் சாமி, இன்னும் மறக்கவில்லை.

பாம்பன்பையன்: குறுக்கே ஒன்று. அண்ணன் போட்ட படத்தில் இருப்பது அலையாத்தி இல்லை, சுரபுன்னை. இரண்டும் சதுப்புக் காட்டு மரம்தான்; ஆனால் சேற்றிலிருந்து வேர் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தால்தான் அலையாத்தி. இது கால் ஊன்றி நிற்கிறது.

தொண்டிக்காரன்: வந்துட்டார் வாத்தியார். சுரபுன்னை என்றால் 50 மீட்டர் 40 ஆகிவிடுமா?

உப்புக்காத்து: கிணறு?

தொண்டிக்காரன்: இறால் தீனி தின்றதா என்று செக் டிரே தட்டைத் தூக்கிப் பார்க்கிற நேரம். சாயங்காலம் வந்து 13(8)-ஐப் படமெடுத்துப் போடுகிறேன். 200.

காரங்காட்டான்: போடுங்கள். சுரபுன்னையை அலையாத்தி என்று போட்ட மாதிரி போடாதீர்கள்.